என் முகம் எத்தனை தடவை வருகிறது?

கெர்வான்
6 ஜூலை 1979

தங்கச்சி சோஸிக் படிக்க, அக்கா மரிவோன் எழுதுவது.

நம் வீட்டுப் பிள்ளைகளில் குவெந்தால் பிரெஸ்த் துறைமுகத்தில் கப்பல் எஞ்சின் பரீட்சையில் மூன்றாவதாக வந்திருக்கிறான். நூற்றிப் பத்துப் பேரில் மூன்றாவது. முதல் இரண்டு பேரும் அதிகாரி வீட்டுப் பிள்ளைகளாம், அதனால் இவனை முதல் என்றே வைத்துக்கொள்ளலாம். திஃபென் நர்ஸ் வேலைக்குத் தேறிவிட்டாள். அவள் போட்ட ஊசி தெரியவே இல்லை என்று பாதிரியார் கோயில் வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னார். மாயெல் திருவிழாப் பேண்டில் குழல் ஊதுகிறான், முன்வரிசையில். கடைக்குட்டி மலோ ஏழு வயதில் ஒரு பக்கம் முழுக்கப் பிழையில்லாமல் எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், என் பேரனுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. என் எழுத்தில் பிழை இருந்தால் நீயே வெட்டி ஒட்டிப் படித்துக்கொள், அதுதானே உன் தொழில்.

பேத்தி அஸெனோரைக் கடைசியில் வைத்திருப்பது அவள்தான் எல்லாரையும் விடப் பெரிய காரியம் செய்திருக்கிறாள் என்பதால். ஏப்ரலில் என் சமையலறையில் எடுத்தாளே ஒரு படம், சினிமாப் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சைக்காக, அதை ஊர் மண்டபத்தில் காட்டப் போகிறார்கள். செப்டம்பர் இரண்டாம் தேதி, கோயில் திருவிழா ஞாயிறு, சாயங்காலம். மேயர் தானாகவே வந்து கேட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. ஒன்றிரண்டு முறை ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான்.

ஊரில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. ரொட்டிக்கடை ழெர்மேனுக்கு இரண்டு தடவை சொன்னேன். அவள் மகன் டெலிவிஷனில் மாட்டுச்சந்தைச் செய்தியில் மூன்று விநாடி வந்ததைப் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவள் அவள். “உன் மூஞ்சி எவ்வளவு நேரம் வருதாம்?” என்று கேட்டாள். படம் பூரா வருகிறது என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதமே அதற்காகத்தான். குழந்தை அஸெனோர் எனக்கு நாலு வரி எழுதுகிறாள், அதில் இரண்டு வரி மழையைப் பற்றி. உனக்கென்ன, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் உன் வீட்டில் சாப்பிடுகிறாள். நீ நாற்பது வருஷம் ஃபிலிம் ஒட்டிய அதே கட்டடத்தில் அவள் உட்கார்ந்து படத்தை வெட்டுகிறாளாம், நீ காபி எடுத்துக்கொண்டு போகிறாயாம். ரிட்டயரானவளுக்கு நல்ல பொழுதுபோக்கு. உன்னைச் ‘சின்னப் பாட்டி’ என்று கூப்பிடுகிறாள் என்று கேள்விப்பட்டேன். சின்னதோ பெரியதோ, பாட்டி என்று கூப்பிட ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்திருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் இரண்டு பேரும் ஆற்றங்கரையில் நிற்கிற போட்டோவை அனுப்பினாள். சட்டம் போட்டு அலமாரிமேல் வைத்திருக்கிறேன்.

என் முகம் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி எழுது. என்னை இரண்டு நாள் முழுக்க எடுத்தார்கள். உன்னை ஒரு மணி நேரம், அதுவும் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க.

அக்கா மரிவோன்


பாரிஸ்
15 ஜூலை 1979

அக்கா,

குவெந்தாலுக்கும் திஃபெனுக்கும் என் வாழ்த்தைச் சொல். மலோவின் பிழையில்லாத பக்கத்தை எனக்கு அனுப்பச் சொல். நான் அதைப் பழைய மேசை விளக்கின் கீழ் வைத்துப் படிப்பேன்.

நீ கேட்டதற்கு ஒரு எண்ணை மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். எழுத உட்கார்ந்து இரண்டு தாள் கிழித்தேன்.

படம் இன்னும் முடியவில்லை. எடுத்ததெல்லாம் படத்தில் வருவதில்லை என்று உனக்குத் தெரியும். உன் வீட்டில் நான்கு நாள் எடுத்தது மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். வேண்டியது பன்னிரண்டு நிமிடம். ஃபிலிம் வெட்டுகிற மேசைக்குப் பக்கத்தில் துணி உறை போட்ட பெரிய கூடை இருக்கிறது, அதன் மேலே ஒரு கம்பி. வெட்டிய துண்டுகள் எல்லாம் அந்தக் கம்பியில் தொங்கும், காயப்போட்ட நூல் மாதிரி. ஒரு நாள் தூக்கி எறிந்ததை மறுநாள் தேடி எடுத்து ஒட்டுவோம். நான் அப்படி எத்தனையோ பெரிய நடிகைகளின் முகத்தைக் கூடையிலிருந்து எடுத்திருக்கிறேன், அதைவிட அதிகமானவர்களின் முகத்தைக் கூடையில் போட்டிருக்கிறேன்.

கதை உனக்கு ஞாபகம் இருக்கும். சண்டைபோட்டுப் பிரிந்த இரண்டு சகோதரிகள். ஒருத்தி சமையலறையில் சூப்புக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மற்றவள் முற்றத்தில் நடந்து வந்து கதவுக்கு வெளியே நிற்கிறாள், அவளைக் காட்டுவதே இல்லை. உள்ளே இருப்பவள் எழுந்து திறப்பாளா, மாட்டாளா. பேச்சே கிடையாது. இந்தக் கதை குழந்தைக்கு எங்கிருந்து கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

வாரம் முழுக்க அந்த ஒரு காட்சியோடுதான் போராடுகிறாள். விளக்கை வலப்பக்கம் தாழ வைத்தால் உட்கார்ந்திருப்பவள் பகையோடு இருப்பதுபோல் தெரிகிறது. அதையே நேர் மேலே வைத்தால் வெறும் சோர்வு. நல்லவேளை, ஏப்ரலிலேயே இரண்டு விதமாகவும் எடுத்து வைத்திருக்கிறாள்.

நான் காபி கொண்டுபோவது உண்மை. கேட்டால் மட்டும் வாய் திறப்பேன்.

நீ கேட்ட கணக்கைக் குழந்தையிடமே கேள், அக்கா. அவள் சொல்வதுதான் முறை.

சோஸிக்


கெர்வான்
24 ஜூலை 1979

சோஸிக்,

தபாலாபீசிலிருந்து போன் போட்டேன். கேட்டேன். சொன்னாள்.

ஒரு தடவைகூட இல்லையாம்.

“பாட்டி, சின்னப் பாட்டியோட முகத்தத்தான் வச்சிருக்கேன், கோவிச்சுக்காதீங்க, பாத்தா உங்களுக்கே புரியும்” என்றாள். எனக்குப் பின்னால் வரிசையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், ழெர்மேனும் இருந்தாள். நான் சிரித்துக்கொண்டே “ரொம்ப நல்லது கண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அப்படிச் சிரிப்பதற்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை.

என் சமையலறை. என் கிண்ணம், அம்மா எனக்குக் கொடுத்தது. என் விளக்கு. கடைசியில் என் ஏப்ரனும். வெளிச்சம் பார்க்கத்தான் என்று சொல்லி உன்னை உட்காரவைத்தபோது என் ஏப்ரனைக் கழற்றி உனக்குக் கட்டிவிட்டது நான்தான். முடிச்சு இறுக்கமா என்றுகூடக் கேட்டேன். என்னைப் போல முட்டாள் யாரும் இல்லை.

நீ ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதாதே. நாற்பது வருஷம் கத்தரிக்கோலைக் கையில் வைத்திருந்தவள் நீ. எதை வைக்க வேண்டும், எதைக் கூடையில் போட வேண்டும் என்று உனக்குத் தெரியும். பதினேழு வயதில் பாரிசுக்குப் போனபோதும் அப்படித்தான், அம்மாவையும் அம்மாவின் இருமலையும் எனக்கு வைத்துவிட்டு மற்றதை நீ எடுத்துக்கொண்டாய். அம்மா படுத்தபோது பள்ளிக்கூடத்தை விட்டது நான். நீ சர்டிஃபிகேட் பரீட்சை வரைக்கும் படித்தாய். ஒரு பேத்தி மிச்சம் இருந்தாள். அவளையும் எடுத்தாயிற்று.

இரண்டாம் தேதி நான் மண்டபத்துக்குப் போகமாட்டேன். ஊரில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. காய்ச்சல் என்று சொல்லலாம், ஆனால் திஃபென் ஊசியோடு வந்து நிற்பாள்.

மரிவோன்


பாரிஸ்
2 ஆகஸ்ட் 1979

அக்கா,

உன் கடிதத்தை ஒரு வாரம் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அம்மாவைப் பற்றி எழுதியதை அப்படியே மடித்து வைத்துவிட்டேன். படத்தைப் பற்றி எழுதியதற்குப் பதில் எழுதுகிறேன்.

கத்தரிக்கோல் என் கையில் இல்லை. ஆனால் உன்னை எடுத்த துண்டுகள் எல்லாவற்றையும் நான் பார்த்தேன், ஒன்றுவிடாமல், வெட்டுகிற மேசையின் சின்னத் திரையில். நீ உட்கார்ந்து கதவைப் பார்க்க வேண்டிய ஷாட்டைப் பதினொரு தடவை எடுத்திருக்கிறாள். பதினொரு தடவையும் நீ கதவைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளையைத்தான் பார்க்கிறாய். நாலாவது தடவை, “பாட்டி, என்னப் பாக்காதீங்க, கதவப் பாருங்க” என்று அவள் சொல்வது கேட்கிறது. நீ சரி என்று தலையாட்டிவிட்டு, “காத்து அடிக்குது கண்ணு, கழுத்துல துணியச் சுத்திக்கோ” என்கிறாய். ஒலி பிடிக்கிற பையன் சிரித்துவிட்டான். ஏழாவதில் கதவைப் பார்க்கிறாய், ஆனால் கண் மட்டும் ஓரமாகப் போய் அவள் குளிரில் நிற்கிறாளா என்று பார்த்துவிட்டு வருகிறது. அதைப் பெரிய திரையில் போட்டால் மண்டபத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

அது வாசலில் நிற்கிற தங்கையை உள்ளே விடமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிற பெண்ணின் முகம் இல்லை, அக்கா. விளக்கை எந்தப் பக்கம் வைத்தாலும் அது மறையவில்லை. அவளுக்கு வேண்டியது கல்மனசு. உன் முகத்தில் அது கிடைக்கவில்லை.

என் முகத்தில் கிடைத்தது என்று நினைத்துப் பொறாமைப்படாதே. வெளிச்சம் பார்க்க உட்கார்ந்த அந்த ஒரு மணி நேரம் நான் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பாரிஸ் வீட்டில் காஸ் அடுப்பை அணைத்தேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் அந்த முகத்தில் இருப்பது. அதை அவள் உன் சூப்புக் கிண்ணம் வருகிற துண்டுக்குப் பின்னால் ஒட்டினாள், பசியோடு இருக்கிற கிழவி தெரிந்தாள். அதே துண்டைக் காலி நாற்காலிக்குப் பின்னால் ஒட்டினாள், துக்கம் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் ஒட்டினாள், அடிவயிற்றிலிருந்து வருகிற வெறுப்பு. ஒரே முகம், ஒரே காஸ் அடுப்பு. நீ ஒரு வெள்ளையடித்த சுவரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாய்.

ஆனால் சத்தத்தில்தான் நான் தோற்றேன்.

வெளியே நிற்பவளைக் காட்டுவதில்லை என்று எழுதினேன் அல்லவா. அவள் இருக்கிறாள் என்று தெரிவதற்கு அவளுடைய மரச்செருப்பின் சத்தம் மட்டும்தான். முதலில் என்னை நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். சத்தத்தைப் போட்டுக் கேட்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது. நாற்பத்தேழு வருஷம் மெட்ரோ படிக்கட்டில் ஏறி இறங்கிய கால் அது, இரவல் செருப்பைப் போட்டுக்கொண்டு நாடகத்தில் நடப்பவள் மாதிரி இருந்தது. அப்போது குழந்தை இன்னொரு சுருளைப் போட்டாள். நீ கோழிகளைப் பார்க்கப் போனபோது உனக்குத் தெரியாமல் பிடித்தது. கல்தரையில் நீ நடந்து வருகிறாய், கதவு வரைக்கும் வந்து நிற்கிறாய், செருப்பின் மண்ணை ஒரு தடவை தட்டுகிறாய். நான் நடந்த சுருளைக் குழந்தை அப்போதே கூடையில் போட்டுவிட்டாள்.

இன்னொன்று. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் அறையின் மௌனத்தைப் பதிவு செய்வார்கள். ஞாபகம் இருக்கிறதா, எதற்கு இந்தப் பிள்ளைகள் சிலை மாதிரி நிற்கிறார்கள் என்று கேட்டாய். அந்த மௌனத்தில் நீ மூச்சுவிடுவது கேட்கிறது, அந்த லேசான சீழ்க்கையோடு. அதைத்தான் காட்சி முழுக்க அடியில் விரித்திருக்கிறாள். அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். என் முகம் கல்லறையில் பதித்த போட்டோ மாதிரி ஆகிவிட்டது.

நீ என் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதியிருந்தாய். உண்மையைச் சொல்கிறேன். காலையிலேயே எழுந்து அம்மா செய்கிற மாதிரியே கறுப்புக் கோதுமைத் தோசை சுட்டு, உப்பு வெண்ணெய் போட்டு வைக்கிறேன். ஒவ்வொரு வாரமும் சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறாள்: “நல்லாத்தான் இருக்கு சின்னப் பாட்டி. ஆனா பாட்டி வீட்டு வாசன இல்ல.” அடுத்த வாரம் மறுபடியும் சுடுகிறேன். பொறாமை உனக்கு மட்டும் எழுதி வைத்ததா?

இரண்டாம் தேதி நான் வருகிறேன். நீயும் வா. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம்.

சோஸிக்


கெர்வான்
19 ஆகஸ்ட் 1979

சோஸிக்,

நீ வராதே. நீ வந்து முன்வரிசையில் உட்கார்ந்தால், திரையிலும் நீ, நாற்காலியிலும் நீ, எனக்கு எங்கே இடம். நானும் போகப்போவதில்லை. ழெர்மேன் நேற்று ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, “எந்தச் சட்ட போட்டுக்கிட்டு நடிச்ச?” என்று கேட்டாள். சாம்பல் நிறம் என்று சொன்னேன். இனிமேல் வேறு கடையில்தான் ரொட்டி வாங்க வேண்டும், அது மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

காஸ் அடுப்பை அணைத்திருந்தாயா?

ஒன்று மட்டும் தெரிய வேண்டும், சும்மா கேட்கிறேன். கோழிக்குப் போகும்போது பிடித்த சத்தமா, திரும்பி வரும்போது பிடித்ததா? போகும்போது நன்றாக நடப்பேன். திரும்பும்போது இடது கால் இழுக்கும், அந்தச் செருப்பில் ஆணி ஒன்று தளர்ந்திருக்கிறது. முன்னாலேயே சொல்லியிருந்தால் அடித்து வைத்திருப்பேன்.

மரிவோன்


பாரிஸ்
25 ஆகஸ்ட் 1979

அக்கா,

சரி, வரவில்லை. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அணைத்திருந்தேன்.

திரும்பி வரும்போது. ஆணியோடு.

சோஸிக்


கெர்வான்
4 செப்டம்பர் 1979

தங்கச்சி சோஸிக் படிக்க, அக்கா எழுதுவது.

போனேன். போவதாக இல்லை. திருவிழா ஊர்வலம் முடிந்து எல்லாரும் மண்டபத்துக்குள் போய், சன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி போட்டு, விளக்கை அணைத்த பிறகு, கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகிற தோல் செருப்போடு சத்தமில்லாமல் உள்ளே போய்க் கதவோரம் நின்றேன். வேண்டாம் என்றால் உடனே வெளியே போய்விடலாம் என்றுதான்.

முதலில் உன் முகம் வந்தது. நீ எழுதியிருந்ததால் காஸ் அடுப்பு, காஸ் அடுப்பு என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். ஒன்றும் உதவவில்லை. விளக்கு வலப்பக்கம் தாழ இருந்தது, உன் பாதி முகம் இருட்டில் இருந்தது, அந்தப் பாதியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கதவுப்பிடியைத் தேடினேன். பிறகு கிண்ணம். பிறகு நாற்காலி. மறுபடி நீ. எனக்கு அந்த நாற்காலி அம்மாவுடையது என்று தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது, ஆனாலும் மாயெலின் அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. தூரத்திலிருந்து, முற்றத்துக் கல்லில். நான் என்னையே கேட்டதில்லை, சோஸிக், இத்தனை வருஷத்தில். டக், டக், கொஞ்சம் இழுப்பு, மறுபடி டக். அது வர வர மண்டபத்தில் நாற்காலிகள் கிறீச்சிட ஆரம்பித்தன. என்ன என்று பார்த்தால் ஒவ்வொருவராகத் திரும்புகிறார்கள். திரையில் இருக்கிற கதவைப் பார்க்கவில்லை, மண்டபத்துக் கதவைப் பார்க்கிறார்கள். ஐம்பது வருஷமாக அவர்கள் சன்னலுக்கு வெளியே போகிற கால் அது. இருட்டில் ழெர்மேன் சொன்னாள்:

“மரிவோன் வந்துட்டா. யாராச்சும் கதவத் தொறங்களேன்.”

மேயர் எழுந்து வந்து நிஜமாகவே கதவைத் திறந்துவிட்டார். வெளியே இன்னும் வெயில் இருந்தது. அது பக்கவாட்டில் வந்து நேராக என்மேல் விழுந்தது, பாதி முகத்தில். அங்கே வெளியே யாரும் இல்லை, உள்ளே கதவோரம் நான் நிற்கிறேன். நூற்று இருபது பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். திரையில் நீ உட்கார்ந்திருந்தாய், உன்னை யாரும் பார்க்கவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

அஸெனோர் படம் ஓட்டுகிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வெளிச்சம் உள்ளே வந்து படம் வெளுத்துப் போனது, கோபப்படுவாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “பாட்டி, இப்பவும் நீங்க என்னத்தான் பாக்கறீங்க.” அழுகையா சிரிப்பா தெரியவில்லை. பிறகு கதவைச் சாத்தி முதலிலிருந்து போட்டாள். இரண்டாவது தடவை எல்லாரும் ஒழுங்காகப் பார்த்தார்கள். செருப்பு வந்து நின்று மண்ணைத் தட்டுகிறது, நீ எழுந்திருக்கவில்லை, என் மூச்சு கேட்கிறது, முடிந்துவிடுகிறது. ஏன் எழுந்திருக்கவில்லை என்று உன்மேல் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், வராதே என்று எழுதியது நான்.

ழெர்மேன் மறுநாள் என் ரொட்டியைத் தானே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். “படம் பூரா வந்தே” என்றாள். கிண்டல் இல்லை, நான் கவனித்தேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் நிற்கிற போட்டோவைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன் என்று ஜூலையில் எழுதினேன். பொய் இல்லை. ஆனால் சட்டம் போடுவதற்கு முன் தையல் கத்தரிக்கோலால் உன்னை வெட்டிவிட்டேன். நேராகத்தான் வெட்டினேன், நீ பார்த்திருந்தால் குறை சொல்லியிருக்க மாட்டாய். உன் கை மட்டும் வரவில்லை. அது பிள்ளையின் தோள்மேல் இருந்தது, அதை வெட்டினால் அவள் தோளையும் வெட்ட வேண்டும். அதனால் விட்டுவிட்டேன். இரண்டு மாதமாக அலமாரிமேல் அவளும் ஒரு கையும். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அவளைப் பார்ப்பதில்லை, அது யார் கை என்றுதான் கேட்கிறார்கள். நேற்று மலோ கேட்டான். என் தங்கச்சி கை என்று சொன்னேன். “மிச்சம் எங்க?” என்றான்.

வெட்டிய துண்டைத் தேடினேன். கிடைக்கவில்லை. அடுப்பில் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். எனக்கு உன்னுடையது மாதிரி கூடை கிடையாது.

செருப்பின் ஆணியை இன்னும் அடிக்கவில்லை. நீ அடுத்த தடவை வரும்போது முன்கூட்டி எழுதாமல் வா. நான் கோழிகளிடம் இருந்தாலும் சமையலறையில் போய் உட்கார். நான் வருகிற சத்தம் உனக்குக் கேட்கும்.

அதற்குள் புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. நீயும் குழந்தையும், இரண்டு பேரும் முழுதாக.